நகப்பூச்சு படாத போல்ட்

கோணக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள், முகம் அப்புறம்தான். செருப்பின் குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஆள் எப்படி நடக்கிறார், எந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்பதெல்லாம் சொல்லிவிடுவாள். மகளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் அப்படித்தான். வாசலில் கிடந்த செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்து, டீ ஆற்றிக்கொண்டிருந்த கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"மாப்பிள்ளையோட அப்பா வலது காலை வீசி நடக்கிறவர். இடுப்புல ஏதோ இருக்கு."

"இருக்கட்டும். வந்த மனுஷனை ஜாக்கி போட்டுத் தூக்கிடாதே," என்றார் அவர்.

அவளுடைய தொழில் அப்படி. புறவழிச் சாலையில் ஒரு டயர் கடை. அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். வண்டிகளின் முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்து நிற்கின்றனவா, ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருக்கின்றனவா என்று அளந்து சரிசெய்வது அங்கே வேலை. அலைன்மென்ட் என்பார்கள். நாள் முழுக்கக் கோணம், கோணம் என்று பேசிக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வயதில் டயர் கடைக்கு பில் எழுத வந்தவள்தான். ஒரே ஆள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது டயர் வாங்க வருவதையும், பழைய டயர் எப்போதும் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருப்பதையும் பார்த்தாள். ஏன் இப்படி என்று முதலாளியைக் கேட்டாள். "இதெல்லாம் நாம கேக்கிற கேள்வியாம்மா?" என்றார் அவர். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல் அவளைப் பின்னால் ஷெட்டுக்கு அனுப்பினார். முப்பத்தோரு வருஷமாயிற்று, அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

வண்டி வந்ததும் உடனே அளக்கிற மெஷினை அவள் தொடமாட்டாள். டயரின்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவு, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு. ஒரு பக்கம் வழுவழுவென்றும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் உரசினால், சக்கரம் உருளவில்லை, சாலையில் இழுபட்டுக்கொண்டு போகிறது என்று பொருள். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவரின் முதுகைத் தினமும் தடவிப் பார்க்கிற கை எங்கே புண் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் இல்லையா, அந்த மாதிரிக் கை.

ஷெட்டில் அவளோடு வேலை செய்பவர் ஒரே ஒருவர். வெல்டிங்காரர், ஐம்பது வயது. வாய் மூடாத ஆசாமி. அவருக்கு ரேடியோ என்று பெயர். பேசிக்கொண்டே வேலை செய்வார். பேச்சு நின்றால் வேலையும் நிற்கும்.

இருவருக்கும் நடுவில் ஒரு விதி இருந்தது. ஒருவர் இறுக்கிய போல்ட்டை மற்றவர் அளவு ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். அது வேண்டிய இறுக்கத்துக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டபின் பார்த்தவர் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். கோடு பின்னால் விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் நகப்பூச்சுப் புட்டி மகள் பள்ளியில் படித்தபோது மேசையில் விட்டுவிட்டுப் போனது. இறுக்கும்போது போன் அடித்து, பேசிவிட்டுத் திரும்பி வந்து, இறுக்கியாயிற்று என்று கோணக்கா நினைத்துக்கொண்ட ஒரு வேன் நட்டுதான் அந்த விதிக்குக் காரணம். அந்த வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது, யாருக்கும் அடியில்லை. அந்த வேனைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. விதியை மட்டும் விடுவதில்லை.

சம்பந்திக்கு வருவோம்.

மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, சீப்பால் வாரிய மீசை. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி தண்ணீரில். கோணக்காவின் மகள் நர்ஸ் படிப்பு படித்தவள். மாமனார் கட்டிலைப் பூட்டுவார், மருமகள் ஆக்சிஜன் குழாயை மாட்டி, வீட்டு ஆட்களுக்கு எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று சொல்லிக்கொடுப்பாள். வேலையில் இருவரும் நல்ல கூட்டு.

அவர்கள் போகும் வீடுகளில் பாதி மலைமேல். வழியில் ஒரு ஓடை சாலையின் குறுக்கே ஓடும். அதற்காகச் சம்பந்தி ஒரு பழைய கனரக பிக்கப் வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரை வைத்துக்கொண்டு, வீட்டு முற்றத்திலேயே வண்டியை அரையடி உயர்த்தி, இடுப்பளவு டயர் மாட்டினார். மகள் முதன்முதலில் ஏறும்போது முக்காலி போட்டு ஏறினாள். தெருவே வந்து பார்த்தது. கோணக்காவும் பார்த்தாள். முன்பக்கம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், "ரொம்ப கம்பீரமா இருக்கு சம்பந்தி," என்றாள். கேட்காத இடத்தில் சம்பந்தியிடம் வேறென்ன சொல்வது?

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லலை. என்ன?"

"நேத்து மலையிலிருந்து இறங்கறப்போ அடிவாரத்துப் பாலத்துல ஒரு பள்ளம். முன்சக்கரம் விழுந்து ஏறிச்சு. அவ்வளவுதான், வண்டி உதற ஆரம்பிச்சுடுச்சும்மா. மாமா ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாரா, ஸ்டீயரிங் மாமாவைப் பிடிச்சு உலுக்குதான்னே தெரியல. பின்னாடி சிலிண்டர் எல்லாம் தாளம் போடுது. பிரேக் போட்டு வண்டி நின்னப்புறம்தான் உதறல் நின்னுச்சு."

"முதல் தடவையா?"

"அது வந்து..."

"எத்தனாவது தடவைடி?"

"நாலு. மாமா மூணு இடத்துல காட்டிட்டார்மா. ஒருத்தர் டயரை மாத்தினார். ஒருத்தர் வீலுக்கு ஈயம் வச்சு பேலன்ஸ் பார்த்தார். மூணாவது ஆள் ஸ்டீயரிங்ல ஆட்டத்தை அடக்க இன்னொரு டேம்பர் போட்டார்."

"காய்ச்சல்காரனுக்கு மேல மேல போர்வையைப் போத்தி மூடியிருக்கான்," என்றாள் கோணக்கா. "மறுபடி எப்போ மலைக்கு?"

"வியாழக்கிழமை. மேல ஒரு டீச்சரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வராங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி கட்டிலும் ஆக்சிஜனும் அங்க இருக்கணும்."

போனை வைத்துவிட்டுக் கோணக்கா துணியில் கையைத் துடைத்தாள். பாலத்தை அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம்தான் கைப்பிடிச் சுவர். பிறகு சம்பந்திக்குப் போன் செய்தாள்.

"சம்பந்தி, ஒரு உதவி. எங்க மெஷின் கிளாம்ப்பு உங்க வண்டி டயருக்கு எட்டுமா எட்டாதான்னு ரேடியோவுக்கும் எனக்கும் ஒரே சண்டை. திங்கக்கிழமை கொஞ்சம் கொண்டு வந்தா தீர்ந்துடும்."

"எட்டாது சம்பந்தியம்மா," என்றார் அவர், ரொம்ப சந்தோஷமாக. "சான்ஸே இல்ல. கொண்டு வரேன், பாருங்க."

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஷெட்டின் கதவுச் சட்டத்தை உரசாமல் உள்ளே வர ரேடியோ முன்னால் நடந்து, "வா, வா, தலை குனிஞ்சு வா," என்று கூப்பிட்டார். கிளாம்ப் எட்டவில்லை. சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

"எட்டல பாருங்க."

"எட்டலை," என்றாள் கோணக்கா. "வந்தது வந்தீங்க, ஒரு நிமிஷம் கீழ பார்த்துடறேன்."

மகளும் கூட வந்திருந்தாள். அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக இடம், வலம், இடம், வலம் என்று திருப்பச் சொன்னாள். தான் ஓர் அட்டையை விரித்துக் கீழே படுத்தாள். சக்கரம் தரையிலேயே இருக்க, திருப்பத் திருப்ப, எது அசைய வேண்டுமோ அது அசையும். எது அசையக் கூடாதோ அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரு முன்சக்கரங்களையும் இணைக்கிற ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் ஒரு குறுக்குக் கம்பி அதை வண்டியின் சட்டத்தோடு பிணைத்துப் பிடித்திருக்கும். அந்தக் கம்பியின் போல்ட், தான் இருக்கும் ஓட்டைக்குள் ஒவ்வொரு திருப்பலுக்கும் 'டொக்', 'டொக்' என்று நகர்ந்தது. வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் குனிஞ்சு பார்க்கிறீங்களா?"

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பார்த்தார்.

"பல் ஆடற மாதிரி ஆடுதே," என்றார்.

"ஆமா. இன்னும் இருக்கு."

எழுந்து வந்து, மெஷின் எட்டாததால், நாலு ஸ்டாண்ட் வைத்து வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டினாள். பின்சக்கரங்களுக்கும் நூலுக்கும் ஒரே இடைவெளி. முன்சக்கரங்களுக்கு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. வண்டியை உயர்த்தியதும் அந்தக் குறுக்குக் கம்பி சாய்ந்துவிட்டது. நீளம் போதாமல் ஆக்சில் முழுவதையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல அவள் ஷெட்டில் சாய்த்து வைத்திருந்த ரேடியோவின் சைக்கிளை இழுத்து வந்தாள்.

"இந்த முன் ஃபோர்க்கு சாய்வா இருக்கு பாருங்க. அதனாலதான் கையை விட்டா சைக்கிள் நேரா ஓடுது. இதை நெட்டுக்குத்தா நிமிர்த்திட்டா முன்சக்கரம் தறிகெட்டு ஆடும். உங்க வண்டியை உயர்த்தினப்போ முன் ஆக்சில் உருண்டு அந்தச் சாய்வு போயிடுச்சு."

"என் சைக்கிளையா பாடம் நடத்த எடுத்தீங்க? வாடகை உண்டா அக்கா?" என்றார் ரேடியோ.

சம்பந்தி சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வலது கால் வீசியது.

"பெரிய வண்டின்னா கொஞ்சம் ஆடும்னு சொன்னாங்க," என்றார்.

"சொன்னவங்க வண்டியில வந்து உட்காரலை சம்பந்தி. வியாழனுக்குள்ள முடிச்சுத் தரேன். இங்கேயே விட்டுட்டுப் போங்க."

அவர் வண்டியை விட்டார். ஆனால் போகவில்லை. அதுதான் வினை.

அன்றும் மறுநாளும் ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாய்வைத் திரும்பக் கொண்டுவரும் பிராக்கெட்டுகளை மாட்டினார்கள். முட்டை ஓட்டைமேல் ரேடியோ கனத்த இரும்பு வளையம் வைத்து வெல்ட் செய்தார். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புதுக் கம்பி வந்தது. ஒருவர் இறுக்க, ஒருவர் பார்க்க, 'டக்', சிவப்புக் கோடு. பதினோரு கோடுகள். சம்பந்திக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கை துறுதுறுத்தது. முதலில் டார்ச் பிடித்தார். பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மாலை, கடைசியாக அந்தக் குறுக்குக் கம்பியின் போல்ட்டைக் கோணக்கா விரலால் மட்டும் திருகி உள்ளே விட்டுவிட்டு, அளவு ஸ்பானரை எடுக்கத் திரும்பினாள். வண்டி அப்போது ஸ்டாண்டின்மேல் நின்றது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. அந்தப் போல்ட்டை அப்படி இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு பிடிபடும். எடை விழுந்ததும் அது திமிறும். திமிறித் திமிறி போல்ட்டைத் தளர்த்தும்.

அவள் திரும்பிப் பார்த்தபோது சம்பந்தி நீளக் கைப்பிடி ஸ்பானரை மாட்டி, சட்டைக் கையை மடித்து, "ஹூம்" என்று முக்கி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆச்சு!" என்று நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. "கடைசி போல்ட் என் கையால. என் வண்டியாச்சே!"

ரேடியோ வாயைத் திறந்தார். கோணக்கா அவரைப் பார்த்தாள். ரேடியோ வாயை மூடினார். அளவு ஸ்பானரைக் கையில் எடுத்தார். அவள் மறுபடி பார்த்தாள். அதையும் கீழே வைத்தார். பெண் கொடுத்த இடம். அந்த மனுஷர் இரண்டு நாளாக வாய் திறக்காமல் தன் தப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் இறுக்கியதை அவர் கண் முன்னாலேயே கழற்றுவதா? டீ குடிக்கப் போவார், அப்போது கழற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் டீயை ஷெட்டுக்கே வரவழைத்துக் குடித்தார்.

வண்டியை இறக்கினார்கள். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருக்கும் அளவை, டோவை, நூலில் பார்த்துச் சரிசெய்தார்கள். கோணக்காவே ஓட்டிப் பார்த்தாள். எண்பதில் போனது, பள்ளத்தில் விழுந்து ஏறியது, ஓர் உதறல் இல்லை. ஸ்டீயரிங் நேர். இடது பக்கம் திருப்பி விட்டால் பட்டென்று நடுவுக்கு வந்தது. வலது பக்கம் திருப்பி விட்டால் ஒரு மூச்சு தாமதித்து வந்தது. அந்த ஒரு மூச்சை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு, புது ரப்பர், படிய நாளாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சம்பந்தி ஹாரன் அடித்துக் கையசைத்துக்கொண்டு போனார். வண்டி சாலையில் திரும்பும்வரை ரேடியோ பேசவில்லை.

"என்ன, ஸ்டேஷன் மூடியாச்சா?" என்றாள் கோணக்கா.

"நீங்கதான் ஸ்விட்சை அமுக்கினீங்க," என்றார் ரேடியோ.

புதன்கிழமை வேறு இரண்டு வண்டிகள் வந்தன. வேலை ஓடியது. மாலையில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் பழைய துண்டு ஒன்று மடிக்க மடிக்கக் கோணலாக வந்தது. மூன்றாவது தடவை உதறி மடித்தபோது கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அந்தத் துண்டு என்ன பாவம் பண்ணிச்சு?"

சொன்னாள். போல்ட்டைச் சொன்னாள், தொங்கின சக்கரத்தைச் சொன்னாள், அந்த ஒரு மூச்சைச் சொன்னாள்.

"போன் பண்ணிச் சொல்லேன்."

"போன்ல எப்படிச் சொல்றது? 'நீங்க இறுக்கினது சரியில்ல'ன்னா? மனுஷர் முகம் வாடிடும். அப்புறம் அந்த வீட்டுல நம்ம பொண்ணுதானே இருக்கணும்?"

"நாளைக்கு அந்த வண்டியிலயும் நம்ம பொண்ணுதானே இருக்கணும்," என்றார் அவர். சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினாள். காய்கறிப் பைக்குள் அளவு ஸ்பானர், சாதா ஸ்பானர் இரண்டு, நகப்பூச்சுப் புட்டி. பக்கத்தில் உட்கார்ந்த பெண் பை கனத்தைப் பார்த்து, "என்னம்மா, பூசணிக்காயா?" என்றாள். "அந்த மாதிரிதான்," என்றாள் கோணக்கா.

சம்பந்தி முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் கட்டில் ஏற்றியாகிவிட்டது. சிலிண்டர்கள் பட்டையால் கட்டியாகிவிட்டன. விடிந்தும் விடியாததுமாகச் சம்பந்தியம்மா பையோடு வருவதைப் பார்த்ததும் அவருக்கு நுரை தொண்டையில் இறங்கிவிட்டது.

"யாருக்கு என்ன? உங்க வீட்டுக்காரர்..."

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அவர் தூங்கறார். நான் வந்தது ஒரு போல்ட்டுக்கு."

மகள் வாசலுக்கு வந்தாள். அம்மாவின் பையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

கோணக்கா சுற்றி வளைக்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் பத்து விதமாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை.

"செவ்வாய்க்கிழமை நீங்க இறுக்கின போல்ட்டை நாங்க ரெண்டாவது தடவை பார்க்கல. சக்கரம் தொங்கறப்போ அதை இறுக்கக் கூடாது. நான் பார்த்தேன். பார்த்துட்டு சும்மா இருந்துட்டேன்."

சம்பந்தி வாயைக் கொப்புளித்துத் துப்பினார். துண்டால் மீசையைத் துடைத்தார். முகம் இறுகியது.

"என் கையில நம்பிக்கை இல்லையா?"

"என் கையிலயே எனக்கு நம்பிக்கை கிடையாது சம்பந்தி. அதுக்குத்தான் ரேடியோவை வச்சிருக்கேன். இல்லேன்னா அந்த மனுஷன் பேச்சை யார் முப்பது வருஷம் கேப்பா?"

அவர் வண்டியைப் பார்த்தார். கட்டியிருந்த சிலிண்டர்களைப் பார்த்தார். பிறகு வேறு எதையோ சொன்னார்.

"வார்டுல ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி பை மேல இருக்கற சீட்டை ரெண்டு நர்ஸ் படிக்கணும். ஒருத்தர் சத்தமா, ஒருத்தர் கூடவே. பெரிய டாக்டரே பையைக் கொண்டு வந்து கொடுத்தாலும் படிப்பாங்க. ஒருநாள் ஒரு டாக்டருக்குக் கோபம் வந்து, 'நான் பார்த்துட்டேன், ஏத்து'ன்னு கத்தினார். எங்க ஹெட் நர்ஸ் அவர் முகத்தைக்கூடப் பார்க்கல. படிச்சு முடிச்சுட்டுத்தான் ஏத்தினாங்க." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க சம்பந்தி."

"நான் சம்பந்தின்னு அந்த போல்ட்டுக்குத் தெரியுமா?"

மகள் கதவுப் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினாள்.

வண்டி உயரமாக இருந்ததில் ஒரு நன்மை, ஜாக்கி போடாமலே கீழே போகலாம். கோணக்கா சாக்கை விரித்து உள்ளே நுழைந்தாள். மகளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, சும்மா லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அளவு ஸ்பானரை மாட்டி இழுத்தாள். சத்தம் வருவதற்கு முன்னால் போல்ட் கால் சுற்று போனது. இரண்டே நாள், அதுவும் தட்டையான தெருக்களில். மலையில் எத்தனை வளைவு தாங்கியிருக்கும் என்று அவள் கணக்குப் போடவில்லை.

"என்ன சொல்லுது?" என்று சம்பந்தி மேலிருந்து கேட்டார்.

"கால் சுற்று தளர்ந்திருக்கு. இப்போ முழுசா கழட்டி விடறேன்."

ஸ்பானரை எதிர்ப்பக்கம் திருப்பினாள். முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் விடுபட்டது. கம்பி 'தொம்' என்று ஒரு சத்தம் போட்டுத் தன் இடத்துக்கு வந்தது.

"அம்மா!" என்றாள் மகள் மேலே இருந்து. "நான் ஒண்ணும் பண்ணலம்மா. ஸ்டீயரிங் தானா திரும்புச்சு."

"எவ்வளவு?"

"ஒரு விரல் அளவு. வலது பக்கம்."

சம்பந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

கோணக்கா வெளியே வந்து சாதா ஸ்பானரைச் சம்பந்தியிடம் நீட்டினாள்.

"நீங்களே இறுக்குங்க. இப்போ எடை சக்கரத்துல இருக்கு."

"நானா?"

"ஒருத்தர் இறுக்கணும், இன்னொருத்தர் பார்க்கணும். நான் இறுக்கினா யார் பார்க்கறது? ரேடியோ இன்னும் எழுந்திருக்கவே இல்ல."

அவர் சட்டையைக் கழற்றி மடித்து மருமகளிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு சாக்கில் படுத்து உள்ளே போனார். இடுப்பு வலித்திருக்கும், முனகல் கேட்டது. "ஹூம்" என்றது. வெளியே வந்தார். கோணக்கா உள்ளே போனாள். அளவு ஸ்பானரை மாட்டி இழுத்தாள். போல்ட் ஒரு நூலிழை நகர்ந்தது.

'டக்.'

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் சம்பந்தி.

அவள் அங்கேயே படுத்தபடி கையை வெளியே நீட்டினாள். சம்பந்தி பையைக் கிளறி நகப்பூச்சுப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்தே கொடுத்தார். பன்னிரண்டாவது கோடு.

பிறகு முற்றத்திலேயே இரண்டு நேரான மரச்சட்டங்களை வைத்து டோவை மறுபடி அளந்தாள்; மயிரிழை திருத்தம். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தாள். இடது பக்கம் திருப்பி விட்டாள், வலது பக்கம் திருப்பி விட்டாள். இரண்டும் பட்டென்று நடுவுக்கு வந்தன. இறங்கிச் சாவியைக் கொடுத்தாள்.

"நீங்களும் வாங்களேன்," என்றார் சம்பந்தி. "இடம் இருக்கு."

"எனக்கு ஷெட்டுல ஒரு வேன் நிக்குது. அப்புறம், உங்க இடுப்பை யார்கிட்டயாவது காட்டுங்க. கல்யாணம் பேச வந்த அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன்."

"அதையும் மென்னு முழுங்கிட்டீங்களா?"

"அப்போ நீங்க சம்பந்திகூட ஆகல. வெறும் விருந்தாளி."

அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். மகள் முக்காலியைப் போட்டு ஏறினாள். வண்டி தெருவில் இறங்கித் திரும்பிப் போனது. கோணக்கா அதன் பின்சக்கரத் தடத்தையும் முன்சக்கரத் தடத்தையும் ஈர மண்ணில் பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்று. பிறகு பஸ் பிடித்தாள்.

ஷெட்டில் ரேடியோ ஒரு மணி நேரம் திட்டினார். அவளுக்கு அது இதமாகவே இருந்தது. வேனின் டயரைத் தடவிப் பார்த்தாள்; உள்ளோரம் ரம்பம். வேலையை ஆரம்பித்தார்கள். மத்தியானம் அவள் கையில் கிரீஸோடு இருக்கும்போது போன் அடித்தது. ரேடியோ போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"அம்மா, வந்து சேர்ந்துட்டோம். கட்டில் போட்டாச்சு. டீச்சரம்மாவும் வந்துட்டாங்க. மூச்சு நல்லா இருக்கு. தூங்கறாங்க."

"பாலம்?"

"அதே பள்ளத்துல இறங்கி ஏறிச்சு. ஒண்ணுமே இல்லம்மா. எனக்குத் தெரியணும்னே மாமா ஒரு கையை எடுத்துட்டு ஓட்டிக் காட்டினார்."

"அவர்கிட்ட சொல்லு," என்றாள் கோணக்கா. "திரும்பி வர்றப்போ ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

தலையசைத்து ரேடியோவுக்குச் சைகை காட்டினாள். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார். அவள் வேனின் கீழே நகர்ந்து, கையை நீட்டிப் பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கேட்டாள்.